ஸ்டென்ட் இருப்பது நெஞ்சில், காயம் இருப்பது தொடையிடுக்கில்

பினாங்கின் பெருநிலப் பக்கத்திலுள்ள பிறை என்ற ஊரிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு 62 வயது. இதய ரத்தக் குழாயின் அடைப்பைத் திறந்து தாங்கிப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பிய நான்காம் நாள், மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். “நெஞ்சு வலி இல்ல மிஸ்ஸி, மூச்சும் வாங்கல. ஆனா நடக்க மாட்டேங்கிறாங்க. கால் வலிக்குதாம்” என்றார். பினாங்கில் எங்களைப் போன்ற தாதியரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தேன். கைலியை விலக்கியதும் தைல வாசனை அடித்தது. வலது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். சுற்றிலும் தோல் கருநீலமாகக் கன்றியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாளாகக் காலையும் மாலையும் உருவி விட்டிருக்கிறார். “அந்த இடத்த எப்படிம்மா மகன்கிட்ட காட்டுறது?” என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். இரண்டு விரல்களை வீக்கத்தின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். அது துடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் என் விரல்கள் விலகி விலகிச் சேர்ந்தன.

அந்தத் துடிப்பு என்ன, ஏன் வருகிறது, எப்படிச் சரி செய்கிறார்கள் என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் நம் மக்களும் அவர்களைப் பார்க்க வரும் சொந்தபந்தமும் நெஞ்சையே கவனிக்கிறார்கள். ஸ்டென்ட்டைக் கொண்டுபோக ஊசி குத்திய இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது மறைவான இடம், பேசக் கூச்சம். ஆனால் சிகிச்சைக்குப் பிந்திய முதல் சில நாட்களில் ரத்தக் குழாய்த் தொல்லை அதிகம் கிளம்புவது அங்கேதான்.

வழி எங்கே தொடங்குகிறது

இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் நெஞ்சைத் திறக்காமலே சரி செய்யலாம் என்று 1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் என்ற மருத்துவர் செய்து காட்டினார். மெல்லிய குழாயின் நுனியில் சின்னப் பலூன். அடைப்புக்குள் அதை ஊதி வழியை விரிப்பது. விரித்த வழி மறுபடி சுருங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்க 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதல் ஸ்டென்ட்களை மனித இதயத்தில் வைத்தார்கள். கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் 1992இல் தொடங்கியது. இன்று நம் ஊர்களில் “பலூன் போட்டாங்க”, “ஸ்டென்ட் வச்சாங்க” என்பது கோயில் பந்தியில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

இதயத்துக்குப் போக வெளியிலிருந்து ஒரு வழி வேண்டும். அந்த வழி ஏதாவது ஒரு தமனியில்தான் தொடங்கும். தமனி என்றால் இதயத்திலிருந்து ரத்தத்தை வேகத்தோடு வெளியே கொண்டுபோகும் குழாய். கிளினிக்கில் ரத்தம் எடுப்பது சிரையில். அங்கே அழுத்தம் குறைவு, பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தினால் நின்றுவிடும். தமனி அப்படியல்ல. பிரஷர் 120 என்று உங்களுக்குச் சொல்கிறார்களே, அந்த 120 தமனிக்குள் இருக்கும் அழுத்தம். அதில் ஓட்டை போட்டால் ரத்தம் பீய்ச்சி அடிக்கும்.

தொடையிடுக்கில் தொடைத் தமனி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடி பார்க்கிறோமே அந்தத் தமனி, இரண்டில் ஒன்றைத்தான் வழக்கமாகத் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் ஊசி, ஊசி வழியாக மெல்லிய கம்பி, கம்பியின் மேல் ஒரு உறைக்குழாய். ஸ்வீடனைச் சேர்ந்த செல்டிங்கர் என்ற மருத்துவர் 1953இல் எழுதி வெளியிட்ட முறை இது. இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறோம். ஸ்டென்ட்டுக்குப் பெரும்பாலும் பயன்படும் உறைக்குழாயின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர். வெளிச்சுவரையும் சேர்த்தால் தமனியில் விழும் ஓட்டை இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும்.

இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சிக்கல் வேறு இடத்தில். ஸ்டென்ட் ஓர் அந்நியப் பொருள். ரத்தம் அதைக் கண்டால் உறைந்து அடைக்கப் பார்க்கும். அதனால் சிகிச்சையின்போது ஹெப்பரின் ஊசி போடுகிறார்கள். ஆஸ்பிரினும், குளோபிடோக்ரெல் அல்லது டிக்காக்ரெலோர் மாத்திரையும் கொடுக்கிறார்கள். எல்லாமே ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. உறைய விடாதே என்று இதயத்துக்காகக் கட்டளை போட்டுவிட்டு, அதே நேரத்தில் தொடையிடுக்கில் இருக்கும் ஓட்டையில் மட்டும் உறைந்து மூடிக்கொள் என்று ரத்தத்திடம் கேட்கிறோம். ஒரே ரத்தத்திடம் இரண்டு வேலை. இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த முரணிலிருந்துதான் வருகின்றன.

அம்மியும் குழவியும்

உறைக்குழாயை எடுத்த பிறகு தொடையில் கையை வைத்து அழுத்துவோம். பதினைந்து, இருபது நிமிடம், சிலருக்கு அதற்கும் மேல். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருக்கும். ஆனால் அந்த இருபது நிமிடத்தில்தான் அந்த நோயாளியின் அடுத்த ஒரு வாரம் தீர்மானமாகிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கே அழுத்துகிறோம் என்பது முக்கியம். தமனிக்குப் பின்னால் தொடை எலும்பின் உருண்டைத் தலை இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் மருத்துவர் ஊசியை இறக்குவார். காரணம், வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி மட்டும் இருந்தால் மிளகாய் அரையாது, கீழே கல் வேண்டும். என் விரல்கள் குழவி, அந்த எலும்பு அம்மி. இரண்டுக்கும் நடுவே தமனியை நசுக்கிப் பிடித்தால்தான் ஓட்டை மூடும்.

ஊசி கொஞ்சம் மேலே போய்விட்டால் அது வயிற்றுப் பகுதியைச் சேர்ந்த தமனி ஆகிவிடுகிறது. பின்னால் கல் இல்லை. நான் எவ்வளவு அழுத்தினாலும் விரல் பஞ்சுக்குள் போவதுபோல் போகும். ரத்தம் வயிற்றுக்குப் பின்புறம் கசியும். ஊசி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டாலும் எலும்பின் துணை கிடையாது, தமனியும் அங்கே இரண்டாகப் பிரிந்து மெலிந்துவிடுகிறது, சிரையும் அதற்கு அடியில் வந்துவிடுகிறது. ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசம்தான். இப்போது பல இடங்களில் ஸ்கேன் கருவியை வைத்து, தமனியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே குத்துகிறார்கள். செலவு பார்க்காமல் எல்லா இடத்திலும் இதை வழக்கமாக்க வேண்டும் என்பது என் கருத்து.

கையால் அழுத்துவதற்குப் பதிலாக ஓட்டையைத் தைத்து மூடும் கருவியும் இருக்கிறது, கொலாஜன் அடைப்பான் வைத்து மூடும் கருவியும் இருக்கிறது. அடைப்பான் சுமார் 90 நாளில் உடம்போடு கரைந்துவிடும். அப்படி வைத்திருந்தால் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதை மணிபர்சில் வைத்திருங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் மறுபடி அதே தொடையில் குத்த வேண்டி வந்தால் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

இங்கே நம் ஆட்கள் கேட்கத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கொலாஜன் மாட்டிலிருந்து எடுக்கப்படுவது. ஹெப்பரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. பினாங்கில் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் இதைப் பின்னால் கேள்விப்பட்டு மனம் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். மாற்று உண்டா என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் கேள்வியைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போதே கேளுங்கள். மாரடைப்பு வந்து மேசையில் படுத்திருக்கும்போது யோசிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

கன்றியதும் துடிப்பதும்

ஸ்டென்ட் வைத்த மறுநாள் தொடையில் கன்றிப்போவது பலருக்கும் வரும். முதலில் கருநீலம், பிறகு பச்சை, பிறகு மஞ்சள். ரத்தம் தோலுக்கு அடியில் கீழ்நோக்கி வடிவதால் நான்கைந்து நாளில் அந்த நிறம் முட்டிவரை கூட இறங்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் தோல் மிருதுவாக இருந்து, கட்டியாக எதுவும் தட்டுப்படாமல், நிறம் மட்டும் பரவினால் அது ஆறுகிற காயம். இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும்.

கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் அது ரத்தக்கட்டு. சின்னதாக இருந்து வளராமல் இருந்தால் தானே கரையும். ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டுக் குறித்துவைப்போம். கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று அர்த்தம். வார்டில் செய்கிற இதே வேலையை நீங்கள் வீட்டிலும் செய்யலாம்.

மூன்றாவது வகைதான் பிறை அம்மாவுக்கு வந்தது. தமனியின் ஓட்டை சரியாக மூடவில்லை. ரத்தம் துடிப்போடு வெளியே வந்து, சுற்றியுள்ள தசையும் கொழுப்பும் சூழ்ந்த ஒரு பைக்குள் சுழன்று, மறுபடி தமனிக்குள்ளேயே போகிறது. பைக்கும் தமனிக்கும் நடுவே ஒரு குறுகிய கழுத்து. மருத்துவர்கள் இதை சூடோஅனியூரிசம் என்பார்கள். போலிப் புடைப்பு என்று சொல்லலாம். போலி என்பது ஏனென்றால், உண்மையான புடைப்பில் தமனியின் சுவரே விரிந்து பலூன் மாதிரி இருக்கும்; இதில் பைக்குச் சுவரே கிடையாது. உறைந்த ரத்தமும் சதையும்தான் தடுத்து நிற்கின்றன. அதனால்தான் உருவி விடுவது அவ்வளவு ஆபத்து. ஓட்டையை அடைக்கப் போராடிக்கொண்டிருக்கும் உறைவை நம் கையே தேய்த்துக் கலைத்துவிடும். பை வெடிக்கலாம். கோடாலித் தைலம், காமாட் எண்ணெய் (கடல் அட்டை எண்ணெய்), சூடான துணி ஒத்தடம், ஊருத் என்று மலாயில் சொல்லும் உருவி விடுதல் எதுவும் அந்த இடத்துக்கு வேண்டாம். பாசத்தோடுதான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா வார்டில் வந்து அழுதார்.

ஸ்கேன் செய்பவர் கருவியை வைத்ததும் திரையில் பை தெரிந்தது. உள்ளே சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுழன்றன. சிவப்பு ஒரு பக்கம் போகும் ரத்தம், நீலம் எதிர்ப்பக்கம் போகும் ரத்தம். கழுத்து மெல்லியதாக, நீளமாக இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்து நிம்மதியானார்.

இதற்கான சிகிச்சை பையின் அளவையும் கழுத்தையும் பொறுத்தது. 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக, வலி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் காத்திருந்து மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். பல தானே உறைந்து மூடிவிடும். முன்பெல்லாம் ஸ்கேன் கருவியாலேயே கழுத்தின் மேல் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்துவார்கள். நோயாளிக்கு வலி, அழுத்துபவருக்கும் வேதனை, ரத்தம் மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் பலனும் குறைவு.

இப்போது பெரும்பாலும் த்ரோம்பின் ஊசிதான். நம் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதத்தை நூல் நூலாகத் திரித்து உறைய வைக்கும் பொருள் த்ரோம்பின். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைப் பைக்குள் நிறுத்தி, ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுழன்றுகொண்டிருந்த சிவப்பும் நீலமும் ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்து, சில விநாடியில் பை முழுவதும் சாம்பல் நிறமானது. பக்கத்திலேயே தமனியில் மட்டும் சிவப்பு துடித்துக்கொண்டிருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்த ஊசியிலேயே சரியாகிறது. கழுத்து அகலமாக இருந்தால் மட்டும் மருந்து தமனிக்குள் தப்பிப்போய்க் காலில் அடைப்பை உண்டாக்கும் அபாயம் இருக்கிறது. மருத்துவர் கழுத்தைப் பார்த்து நிம்மதியானதன் காரணம் அதுதான்.

வேகமாக வளர்ந்தாலோ, வெடித்தாலோ, கிருமி தொற்றினாலோ, மேல்தோல் இழுபட்டுக் கறுத்தாலோ, நரம்பை அமுக்கிக் கால் மரத்தாலோ அறுவை சிகிச்சைதான். தொடையைத் திறந்து ஓட்டையை இரண்டு மூன்று தையலில் மூடுவார்கள்.

இதன் தம்பி மாதிரி இன்னொன்று உண்டு. ஊசி தமனியையும் அதன் பக்கத்துச் சிரையையும் சேர்த்துத் துளைத்திருந்தால், இரண்டுக்கும் நடுவே குறுக்குவழி உண்டாகி ரத்தம் நேரே சிரைக்குள் பாயும். கையை வைத்தால் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு தெரியும். ஃபிஸ்டுலா என்பார்கள். சின்னதாக இருந்தால் கண்காணித்தாலே போதும், பல மூடிவிடும். கால் வீங்கினாலோ இதயத்துக்குச் சுமை கூடினாலோதான் உறையிட்ட ஸ்டென்ட் வைத்தோ அறுவை செய்தோ அடைப்பார்கள்.

வெளியே தெரியாத ரத்தம்

எனக்கு மிகவும் பயம் தருவது வீக்கமே இல்லாத ரத்தக்கசிவு. ஊசி மேலே போய்விட்டால் ரத்தம் வயிற்றின் பின்புறம், முதுகுப் பக்கமுள்ள வெளிக்குள் இறங்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த வெளி பெரியது. ஒரு லிட்டருக்கு மேல் அங்கே தேங்கினாலும் வயிறு உப்பாது, தொடையில் ஒரு சொட்டு தெரியாது. உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான்.

முதலில் ஒரு பக்கமாக இடுப்போ முதுகோ வலிக்கும். அடிவயிறு கனக்கும். பிறகு முகம் வெளுத்து, குளிர்ந்த வேர்வை பூத்து, தலை சுற்றும். பிரஷர் இறங்கும், நாடி ஓடும். நம் ஆட்கள் “காத்து பிடிச்சிருக்கு, ரொம்ப நேரம் மல்லாந்து படுத்ததால முதுகு பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். நோயாளியே அப்படித்தான் நினைப்பார். பெரும்பாலும் சிகிச்சை முடிந்த முதல் நாளில், வார்டில் இருக்கும்போதே வரும். அப்போது கூச்சப்படாமல் மணியை அடியுங்கள். இரவு 3 மணி என்றாலும் அடியுங்கள்.

சிடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். ஹெப்பரினின் வேலையைப் புரோட்டமைன் என்ற மருந்தால் முறிக்கலாம். நீரும் ரத்தமும் ஏற்றி, படுக்கையில் கிடத்திக் கண்காணித்தாலே பலருக்குக் கசிவு நின்றுவிடும். நிற்காதவர்களுக்கு மறுபடி ரத்தக் குழாய் வழியாகவே போய், ஓட்டையை உள்ளிருந்து மூடும் உறையிட்ட ஸ்டென்ட் வைப்பார்கள், அல்லது அறுவை.

இதற்கு நேர்மாறான தொல்லை அடைப்பு. ஓட்டை போட்ட இடத்தில் தமனியின் உள்தோல் கிழிந்து தொங்கினாலோ, தமனிக்குள் உறைந்த ரத்தக் கட்டி உடைந்து கீழே ஓடினாலோ காலுக்கு ரத்தம் போகாது. கால் சில்லென்று ஆகும், வெளுக்கும், மரத்துப்போகும், விரலை அசைக்க முடியாது. சதை ரத்தமில்லாமல் சில மணி நேரம்தான் தாங்கும். ஆறு மணி நேரத்துக்குள் வழி திறந்தாக வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டியை உறிஞ்சியோ, பலூன் நுனிக் குழாயால் இழுத்தோ எடுப்பார்கள். இங்கே நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பல வருடச் சர்க்கரையால் பாத நரம்பு செத்திருந்தால் வலி தெரியாது. வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் உடனே சொல்லுங்கள்.

மணிக்கட்டு வழி

மணிக்கட்டு வழியாக இதயப் படம் எடுக்கலாம் என்று கனடாவில் காம்போ என்ற மருத்துவர் 1989இல் எழுதினார். சில ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் கிமெனெய் என்ற மருத்துவர் அதே வழியாக ஸ்டென்ட்டும் வைத்தார். இன்று முடிந்தவரை மணிக்கட்டுதான் முதல் தேர்வு. இந்தத் தமனி தோலுக்கு ஒட்டியே இருக்கிறது, பின்னால் எலும்பு இருக்கிறது, ரத்தம் ஒளிந்துகொள்ள இடமில்லை. காற்றடைத்த ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கட்டி, சில மணி நேரத்தில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டால் போதும். நோயாளி எழுந்து உட்கார்ந்து கோப்பி குடிக்கலாம். தொடை வழி என்றால் நான்கு முதல் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.

அங்கேயும் தொல்லை உண்டு. மணிக்கட்டுத் தமனி அடைத்துப்போவது அடிக்கடி நடப்பது, ஆனால் பலருக்குத் தெரிவதே இல்லை. சுண்டுவிரல் பக்கம் இன்னொரு தமனி வந்து உள்ளங்கையில் இரண்டும் வளையமாகச் சேர்ந்திருப்பதால் கை பிழைத்துக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் வளையத்தை நாடி செத்துப்போகும் அளவுக்கு இறுக்காமல், ரத்தம் கசியாத அளவுக்கு மட்டும் கட்டுகிறோம். அரிதாக முன்கைக்குள் ரத்தம் கசிந்து கை கல்லாக இறுகும். விரலை நீட்டினால் உயிர்போகும் வலி என்றால் அது அவசரம். சில சமயம் தோலையும் தசை உறையையும் பிளந்து அழுத்தத்தைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

சிறுநீரகம் பழுதாகி, பின்னாளில் டயாலிசிஸ் செய்ய வேண்டி வரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். டயாலிசிஸுக்கு அந்தக் கைத் தமனி தேவைப்படும். அவர்களுக்கு மருத்துவர் வேறு வழி யோசிப்பார்.

இன்னொன்று: பெரும்பாலும் குத்துவது வலது மணிக்கட்டில். மோட்டார் சைக்கிளின் முறுக்கும் வலது கையில்தான் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போகிற ஓர் அண்ணன், வீடு திரும்பிய மறுநாளே “கை நல்லா இருக்கு மிஸ்ஸி” என்று வண்டியை எடுத்து, பாதி வழியில் கட்டு நனைந்து திரும்பி வந்தார். ஒரு வாரத்துக்குக் கேஸ் தோம்பு (சமையல் எரிவாயு சிலிண்டர்) தூக்குவது, ஈரத் துணி பிழிவது, முறுக்குவது எதுவும் வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஸ்டென்ட்டுக்குள்ளேயே வரும் தொல்லை இரண்டு. ஒன்று, மாதக்கணக்கில் உள்ளே சதை வளர்ந்து மெதுவாகச் சுருங்குவது. நடந்தால் பழையபடி நெஞ்சு இறுக்கும். மறுபடி பலூன், அல்லது மருந்து பூசிய ஸ்டென்ட் என்று சரி செய்வார்கள். மற்றது, திடீரென்று ஸ்டென்ட் உறைந்த ரத்தத்தால் அடைத்துக்கொள்வது. அது மாரடைப்பாகத்தான் வரும், பெரும்பாலும் முதல் 30 நாளுக்குள்.

இந்த இரண்டாவது தொல்லைக்கும் தொடைக் காயத்துக்கும் உள்ள தொடர்பை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். தொடை முழுக்கக் கறுத்திருப்பதைப் பார்த்து வீட்டார் பயப்படுகிறார்கள். “ரத்தத்த தண்ணியாக்குற மாத்திரையாலதான் இப்படி ஆகுது” என்று யாராவது சொல்கிறார்கள். சொல்வது பாதி உண்மை என்பதுதான் கொடுமை. மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திப் பார்க்கிறார்கள். தொடை தேறுகிறது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்கிறது. தொடைக் காயத்தை ஊசியால், தையலால், பொறுமையால் சரி செய்யலாம். அடைத்த ஸ்டென்ட்டுக்கு அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை. மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்ட் என்றால் இரண்டு மாத்திரையும் பொதுவாக ஒரு வருடம். மற்றவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு இதயநோய் மருத்துவரே காலத்தைக் குறைத்துக் கொடுப்பார். பல் பிடுங்க வேண்டும் என்றாலும் முதலில் அவரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டில்

பெண்கள், வயதானவர்கள், மிக ஒல்லியானவர்கள், மிகப் பருமனானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மாரடைப்போடு அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆகியோருக்குத் தொடைத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுதல். இவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு வாரத்துக்குக் கவனம் தேவை. குத்துக்காலிட்டு உட்காரும் கழிவறையைத் தவிருங்கள். மலச்சிக்கல் வந்தால் முக்காமல் மருந்து கேளுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். லிஃப்ட் கெட்டுப்போன அடுக்குமாடியில் நான்காம் மாடி என்றால், ஒருமுறை ஏறி வீட்டுக்குப் போன பின் சில நாள் கீழே இறங்க வேண்டாம். தைப்பூசம் நெருங்கும்போது தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளைப் பற்றி என்னிடம் கேட்காத நோயாளி குறைவு. முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பார். இந்த வருடம் அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள்.

திடீரென்று ரத்தம் வந்தால் நோயாளியை அங்கேயே மல்லாக்கப் படுக்க வையுங்கள், தரையானாலும் சரி. இன்னொருவர் கையால் அழுத்த வேண்டும். தோலில் தெரியும் ஓட்டைக்கு ஒரு விரல்கட்டை மேலே, தொப்புள் பக்கமாக, வையுங்கள். ஊசி சாய்வாக இறங்கியிருப்பதால் தமனியின் ஓட்டை தோலின் ஓட்டைக்குச் சற்று மேலே இருக்கும். உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் 999ஐக் கூப்பிடட்டும். நோயாளியைக் காரில் உட்கார வைத்துப் பினாங்குப் பாலத்தைக் கடந்து நீங்களே கொண்டுவர முயலாதீர்கள். உட்கார்ந்தால் தொடை மடங்கி அழுத்தம் போய்விடும்.

பிறை அம்மாவுக்கு வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இவற்றில் பாதி எழுதியிருந்தது. மலாயிலும் ஆங்கிலத்திலும். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். யாரும் உட்கார்ந்து வாசித்துச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஸ்கேனில் பை சாம்பல் நிறமாகவே இருந்தது. அன்று மாலை நான் ஒரு தாளில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்: தொட்டால் துடிக்கிறதா, கட்டி பெரிதாகிறதா, பாதம் குளிர்கிறதா, முதுகு வலிக்கிறதா. அதை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டவர், மகளிடம் கைக்கண்ணாடி ஒன்று வாங்கி வரச் சொல்லும்படி என்னைக் கேட்டார். குனிந்து பார்த்தால் வயிறு மறைக்கிறதாம்.